எலக்ட்ரோ-அக்கூஸ்டிக் கிட்டாருக்கு எஃபெக்ட் பெடல்: வரிசை, அளவு, வம்பு

எலக்ட்ரிக் கிட்டாருக்கென்று செய்த எஃபெக்ட் பெடல்களில் (காலால் அழுத்தி ஒலியை மாற்றும் சின்னப் பெட்டிகள்) ஏறக்குறைய எல்லாமே, ஸ்பீக்கரில் இணைக்கும்படி செய்த அக்கூஸ்டிக் கிட்டாரான எலக்ட்ரோ-அக்கூஸ்டிக்கிலும் வேலை செய்யும். அதே கால் அங்குல ஜாக், அதே 9 வோல்ட். மாட்டினால் சத்தம் வந்துவிடும். அந்தச் சத்தம் மெலிந்தோ, கரகரத்தோ, ஸ்பீக்கரில் ஊளையிட்டோ வரும்போது பலர் பெடலைத் திட்டிவிட்டு அடுத்த பெடலைத் தேடுகிறார்கள். குற்றம் பெரும்பாலும் பெடலுக்கு முன்னே இருக்கும் பிக்கப்பிலோ (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் கருவி) பின்னே இருக்கும் ஸ்பீக்கரிலோ இருக்கும். ஆகவே எஃபெக்டுக்கு வருவதற்குள் இங்கே கொஞ்சம் அடித்தள வேலை இருக்கிறது. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் திரும்பி வர வேண்டியிருக்கும்.

முதலில் பிக்கப்பைப் பாருங்கள்

கிட்டாரில் பேட்டரி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பக்கவாட்டில் குமிழ்கள் வைத்த ஒரு பெட்டி, 9 வோல்ட் பேட்டரியோ டபுள்-ஏ பேட்டரிகளோ இருந்தால் உள்ளே ப்ரீஆம்ப் (சிக்னலைப் பலப்படுத்தும் சின்னச் சுற்று) இருக்கிறது, அந்தக் கிட்டார் ஆக்டிவ். சில மாடல்களில் குமிழ்கள் சவுண்ட்ஹோலின் (மேல்பலகையின் வட்டத் துளை) விளிம்புக்குள் ஒளிந்திருக்கும், பேட்டரி உள்ளே ஒரு சின்னப் பையில் கிடக்கும். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். எங்கேயும் பேட்டரி இல்லை, ஸ்ட்ராப் மாட்டும் இடத்தில் ஜாக் மட்டும் இருக்கிறது என்றால் பெரும்பாலும் பேசிவ்.

அடுத்தது பிக்கப்பின் வகை. சாடிலுக்கு (தந்திகளைக் கீழ்முனையில் தாங்கும் பட்டை) அடியில் படுத்திருப்பது பீசோ. தந்தியின் அழுத்தத்தை நேரடியாக மின்னழுத்தமாக மாற்றும். நைலான் தந்தியானாலும் அதற்கு ஒன்றுதான். சவுண்ட்ஹோலில் குறுக்கே கவ்வியிருப்பது மேக்னெட்டிக். அதற்கு ஸ்டீல் வேண்டும். வெண்கலம் சுற்றிய தந்திகளில் அது உள்ளிருக்கும் ஸ்டீல் கம்பியை மட்டுமே உணர்வதால், சுற்றில்லாத முதல் இரண்டு தந்திகளும் மற்றவற்றைவிட உரக்கக் கேட்கும். அக்கூஸ்டிக்குக்கென்று செய்த மேக்னெட்டிக்குகளில் இதைச் சரிக்கட்டியே காந்தங்களை வைத்திருப்பார்கள்.

கிட்டாரிலிருந்து பெடலுக்குப் போகும் கேபிள் மோனோவாக இருக்க வேண்டும், அதாவது பிளக்கில் ஒரே ஒரு கருப்பு வளையம். ஆக்டிவ் கிட்டாரின் ஜாக் உள்ளுக்குள் ஸ்டீரியோ ஜாக். மோனோ பிளக் உள்ளே போனதும் அதன் நீண்ட உலோகப் பகுதி இரண்டு முனைகளைத் தொட்டு பேட்டரியின் சுற்றை மூடிவிடும். அதுதான் ஆன்-ஆஃப் சுவிட்ச். தவறிப்போய் இரண்டு வளையம் உள்ள ஸ்டீரியோ கேபிளைச் சொருகினால் சில கிட்டார்கள் சத்தமே போடாது. "ப்ரீஆம்ப் செத்துவிட்டது" என்று கழற்றிப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேபிளின் நுனியைப் பார்க்கட்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு. பீசோவையும் மைக்கையும் தனித்தனியாக வெளியே விடும் இரட்டை பிக்கப் கிட்டார்களுக்கு ஸ்டீரியோ கேபிள்தான் வேண்டும். அதன் மறுமுனை இரண்டு மோனோ பிளக்குகளாகப் பிரிந்து இரண்டு சேனலுக்குப் போக வேண்டும்.

அதே சுவிட்ச் காரணமாக, வாசித்து முடித்ததும் கிட்டாரிலிருந்து கேபிளை உருவிவிடுங்கள். சொருகியே வைத்தால் பேட்டரி இரவெல்லாம் தீர்ந்துகொண்டிருக்கும். பேட்டரியில் ஓடும் பெடல்களின் இன்புட் ஜாக்குக்கும் இதே விதி.

பேசிவ் பீசோவுக்கு முதல் பெட்டி ப்ரீஆம்ப்

ஆக்டிவ் கிட்டார் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை மேலோட்டமாகப் படித்தால் போதும். உள்ளிருக்கும் ப்ரீஆம்ப் இந்த வேலையை ஏற்கெனவே செய்துவிட்டது.

பீசோ மின்னியல் கணக்கில் ஒரு சிறிய கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கும் உறுப்பு, பிக்கோஃபாரட்டில் அளப்பது). அது எந்த இன்புட்டில் போய்ச் சேருகிறதோ அந்த இன்புட்டின் இம்பீடன்ஸுடன் (சிக்னலுக்கு அது காட்டும் எதிர்ப்பு, ஓமில் அளப்பது) சேர்ந்து, கீழ் அலைவரிசைகளை வெட்டும் ஒரு ஃபில்டர் ஆகிவிடுகிறது. பீசோ 500 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மெகாஓம் இன்புட்டில், கேபிளைக் கணக்கில் சேர்க்காமல், வெட்டு சுமார் 320 ஹெர்ட்ஸில் தொடங்கும். முதல் தந்தியைத் திறந்து மீட்டினால் வரும் ஈ சுரமே 330 ஹெர்ட்ஸ்தான். அதற்குக் கீழே உள்ள அடிநாதம் அத்தனையும் தேய்ந்துதான் வெளியே வரும் என்று அர்த்தம். அதே பீசோவை 10 மெகாஓம் இன்புட்டில் சொருகினால் வெட்டு 32 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஆறாவது தந்தியின் ஈ 82 ஹெர்ட்ஸ், ஆக முழுக் கிட்டாரும் பத்திரமாக உள்ளே வரும்.

சாதாரண பெடல்களின் இன்புட் 500 கிலோஓம் முதல் 1 மெகாஓம் வரை. வேண்டுமென்றே கரகரக்கவைக்கும் பழைய பாணி ஃபஸ் பெடல்களில் சில பத்து கிலோஓம்தான். பேசிவ் டிஐ பெட்டிகளில் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றுபவை) ஒன்றிரண்டு நூறு கிலோஓம். இவற்றில் எதிலும் பேசிவ் பீசோவை நேரடியாகச் சொருகக் கூடாது. எல்ஆர் பேக்ஸின் பாரா அக்கூஸ்டிக் டிஐ போல 10 மெகாஓம் இன்புட் உள்ள அக்கூஸ்டிக் ப்ரீஆம்ப் ஒன்றை முதலில் வையுங்கள். அதன் பிறகு எந்தப் பெடலும் ஒத்துழைக்கும்.

ட்ரூ பைபாஸ் (அணைத்தால் சிக்னலைத் தொடாமல் நேராகக் கடத்தும்) பெடல் ஒன்றை பேசிவ் பீசோவுக்கு அடுத்து வைத்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். பெடலை அணைத்திருக்கும்போது பிக்கப் அதற்கு அடுத்த பெட்டியின் இம்பீடன்ஸைப் பார்க்கிறது. போட்டால் இந்தப் பெடலுடையதைப் பார்க்கிறது. அதனால் எஃபெக்ட் குமிழ்கள் எல்லாம் பூஜ்யத்தில் இருந்தாலும், காலால் அழுத்தும் ஒவ்வொரு முறையும் கிட்டாரின் பேஸ் (கீழ் அலைவரிசைகள்) மாறும். ட்யூனரில்கூட இது நடக்கும்.

கேபிள் நீளத்தைப் பற்றியும் எலக்ட்ரிக் கிட்டாரின் பாடம் இங்கே பொருந்தாது. கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும். மேக்னெட்டிக் பிக்கப்பில் அது ட்ரெபிளை (மேல் அலைவரிசைகளை) தின்னும். பேசிவ் பீசோவில் ஒட்டுமொத்த அளவையே குறைக்கும். மேலே சொன்ன 500 பிக்கோஃபாரட் பீசோவுடன் 6 மீட்டர் கேபிளைப் போட்டால் பாதிக்கும் குறைவான சிக்னல்தான் மறுமுனைக்கு வரும். ப்ரீஆம்ப்புக்கு முன்னே 3 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பின்னே எவ்வளவு நீளம் போனாலும் பெரிய நஷ்டமில்லை.

அளவு சரிசெய்தல்

ஆக்டிவ் கிட்டார்களின் அவுட்புட், எலக்ட்ரிக் கிட்டாரைவிடப் பலமானது. அதிலும் பீசோவில் தந்தி அடிபடும் அந்த முதல் நொடித்துளியின் உச்சம் மிக உயரம். 9 வோல்ட்டில் ஓடும் பெடலின் உள்ளே அதற்கு இடம் போதாமல் நுனி நசுங்கும். அந்த நசுங்கலை நாம் பெரும்பாலும் கரகரப்பாகக் கேட்கமாட்டோம். ரப்பர் பேண்டை இழுத்து விட்டது போன்ற, ஸ்ட்ரம் செய்யும்போதெல்லாம் (தந்திகளைச் சேர்த்து அடிக்கும்போது) முன்னே துருத்தும் ஒரு சத்தமாகக் கேட்போம். பீசோவின் குணமே அதுதான் என்று பலர் சகித்துக்கொள்கிறார்கள். பாதி உண்மை, மீதிப் பாதி தவறான கெய்ன், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு.

1. கிட்டாரின் ஈக்யூ (பேஸ், மிட், ட்ரெபிள் அளவுகளை மாற்றும்) குமிழ்கள் அத்தனையையும் நடுவில் வையுங்கள். வால்யூமை முக்கால்வாசி திறவுங்கள். முழுக்கத் திறந்தால் பிறகு பாட்டின் நடுவில் ஏற்ற இடமிருக்காது.

2. எல்லாப் பெடல்களையும் அணைத்துவிட்டு, நீங்கள் வாசிக்கப்போவதிலேயே மிகப் பலமான ஸ்ட்ரம்மை அடியுங்கள். ப்ரீஆம்ப்பின் கெய்னை சிவப்பு விளக்கு மினுக்கும்வரை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்குங்கள். விளக்கு இல்லாத பெட்டி என்றால் காதுதான் விளக்கு.

3. இப்போது பெடல்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். போட்டாலும் அணைத்தாலும் ஒரே உரப்பு வரும்படி அந்தப் பெடலின் லெவல் குமிழை வையுங்கள். உரக்கக் கேட்பது எப்போதும் நன்றாகக் கேட்பது போலத் தோன்றும். லெவலைச் சமன் செய்யாமல் எந்தப் பெடலையும் எடைபோடாதீர்கள்.

4. கடைசியாக மிக்ஸரின் கெய்ன். அதுவரை மிக்ஸர் சேனல் தாழ்ந்த அளவிலேயே இருக்கட்டும்.

சில பெடல்கள் 18 வோல்ட் வரை ஏற்கும், உள்ளே உச்சத்துக்கு இடம் கூடும். பெடலிலோ அதன் கையேட்டிலோ அப்படி எழுதியிருந்தால் மட்டும் கொடுங்கள். எழுதாத பெடலுக்குக் கொடுத்தால் புகை வரலாம்.

எதற்குப் பின் எது

பெரும்பாலோருக்குப் பொருந்தும் வரிசை இது: கிட்டார், ப்ரீஆம்ப், ட்யூனர், கம்ப்ரஸர் (உரப்பின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது), ஈக்யூ, ஓவர்டிரைவ் (கரகரப்பு சேர்ப்பது) இருந்தால் அது, கோரஸ் (பல கிட்டார் சேர்ந்தது போலக் காட்டுவது), டிலே (எதிரொலி), ரிவெர்ப் (அறையின் முழக்கம்), லூப்பர் (வாசித்ததைப் பதிந்து சுழலவிடுவது), கடைசியில் டிஐ.

இதில் காரணம் தெரிந்தால்தான் எங்கே மீறலாம் என்பதும் தெரியும். ட்யூனருக்கு எதுவும் கலக்காத சிக்னல் வேண்டும், அதனால் முன்னே. பாட்டுக்குப் பாட்டு கேபிளை உருவும்போது சத்தம் வராமல் தடுக்கும் மியூட் சுவிட்சும் அதுவே. கம்ப்ரஸரை ரிவெர்ப்புக்குப் பின்னே வைத்தால் அது ரிவெர்ப்பின் வாலைப் பிடித்து மேலே இழுக்கும். அறை மூச்சுவிடுவது போல ஏறி இறங்கும். டிலேக்கு முன்னே ரிவெர்ப் வைத்தால் ரிவெர்ப்பே மீண்டும் மீண்டும் எதிரொலித்து எல்லாம் குழம்பும். ஈக்யூவை மட்டும் இரண்டு இடத்தில் வைக்க நியாயம் உண்டு. பிக்கப்பைத் திருத்த ஒன்று முன்னே, அரங்கத்தைத் திருத்த ஒன்று கடைசியில்.

அக்கூஸ்டிக் ப்ரீஆம்ப்புகளில் சிலவற்றில் சென்ட், ரிட்டர்ன் என்று எஃபெக்ட்ஸ் லூப் இருக்கும், கூடவே எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிளின் மூன்று முனைச் செருகி) டிஐ அவுட்டும் இருக்கும். அப்படியானால் வேலை எளிது. கிட்டார் நேராக ப்ரீஆம்ப்புக்குள், சென்ட்டிலிருந்து பெடல்களுக்கு, கடைசிப் பெடலிலிருந்து ரிட்டர்னுக்கு, எக்ஸ்எல்ஆரிலிருந்து மிக்ஸருக்கு. சங்கிலியின் தலையும் வாலும் ஒரே பெட்டி.

ஒரு பெயர்க்குழப்பம் பலரை மாட்டிவிடுகிறது. "அக்கூஸ்டிக் சிமுலேட்டர்" என்ற பெடல் எலக்ட்ரிக் கிட்டாரை அக்கூஸ்டிக் போல ஒலிக்கவைக்கச் செய்தது. பாஸ் ஏசி-3 அந்த வகை. அதை உங்கள் பீசோவில் போட்டால் ஏற்கெனவே கூசும் ட்ரெபிள் இன்னும் கூசும். உங்களுக்கு வேண்டியது அக்கூஸ்டிக் ப்ரீஆம்ப், அல்லது பிக்கப் இழந்த உடம்பின் அதிர்வைத் திருப்பிக் கொடுக்கும் பாடி ரெசனன்ஸ் வகை. பாஸ் ஏடி-2, டிசி எலக்ட்ரானிக்கின் பாடிரெஸ் இவை அந்தப் பக்கம்.

ஈக்யூ: மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு நேரம் கொடுங்கள்

ஒரே ஒரு பெடல்தான் வாங்க முடியும் என்றால் அது ஈக்யூ உள்ள ப்ரீஆம்ப்பாக இருக்கட்டும். கோரஸும் டிலேயும் அலங்காரம்.

கூட்டுவதற்கு முன் குறையுங்கள். முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை-பாஸ் ஃபில்டர் போட்டு வெட்டுங்கள். கிட்டாரின் அடிமட்டச் சுரமே 82 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே மேடையின் அதிர்வும் கை உராய்வும்தான் இருக்கும். ஆறாவது தந்தியை டி-க்கு இறக்கி வாசிப்பவர்கள் 73 ஹெர்ட்ஸ் வரை வருவதால் வெட்டை 65-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். உடலில் தட்டி தாளம் போடுபவர்கள் இந்த வெட்டை அளவோடு வைக்க வேண்டும். தட்டும் சத்தத்தின் கனம் அங்கேதான் இருக்கிறது.

200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை பெட்டிக்குள் அடைத்தது போன்ற சத்தம் குடியிருக்கும். 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். பீசோவின் அந்தத் துருத்தல் 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸுக்குள் எங்கோ இருக்கும், கிட்டாருக்குக் கிட்டார் இடம் மாறும். கண்டுபிடிக்க ஒரு வழி: பாராமெட்ரிக் (அலைவரிசையை நாமே தேர்ந்தெடுக்கும்) மிட் குமிழை 6 டெசிபல் ஏற்றிவைத்து, அலைவரிசைக் குமிழை மெதுவாகத் திருப்பிக்கொண்டே ஸ்ட்ரம் செய்யுங்கள். எங்கே காதைப் பிடுங்குகிறதோ அங்கே நிறுத்துங்கள். இப்போது ஏற்றியதை இறக்கி, நடுவுக்குக் கீழே 3 அல்லது 4 டெசிபல் வரை கொண்டுபோங்கள். 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் கூட்டினால் தந்தியின் பளபளப்பு திரும்பும். அதற்கு மேல் கூட்டினால் விரல் தந்தியில் வழுக்கும் கீச்சொலி எல்லாவற்றுக்கும் முன்னே நிற்கும்.

கிட்டாரின் பக்கத்துப் பெட்டியிலும் ஈக்யூ, தரையிலும் ஈக்யூ, மிக்ஸரிலும் ஈக்யூ என்று மூன்றும் ஒரே அலைவரிசையை ஏற்றிக்கொண்டிருப்பது சர்வசாதாரணம். கிட்டாரில் உள்ளதை நடுவிலேயே விட்டுவிட்டு, தரையில் உள்ளதில் மட்டும் வேலை செய்யுங்கள்.

இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று இப்போது பேசப்படுவதும் இந்தக் குடும்பம்தான். மைக்கில் பதிந்த கிட்டாரின் குணத்தை ஒரு கோப்பாக்கி, பீசோவின் மேல் பூசுகிறார்கள். ப்ரீஆம்ப்புக்குப் பின், கோரஸுக்கு முன் வையுங்கள். பாதிக்குப் பாதி கலந்து தொடங்குங்கள். ஹெட்ஃபோனில் அசத்தும், மேடையில் உடம்பின் அதிர்வையும் சேர்த்துக் கொடுப்பதால் ஃபீட்பேக்கை (ஸ்பீக்கரின் ஊளையை) சீக்கிரம் அழைக்கும்.

கம்ப்ரஸர்

விகிதம் 2:1 முதல் 4:1, அட்டாக் (அழுத்தத் தொடங்கும் நேரம்) 20 முதல் 40 மில்லிசெகண்ட், ரிலீஸ் (விடும் நேரம்) 100 முதல் 200 மில்லிசெகண்ட். பலமாக அடிக்கும்போது 3 முதல் 6 டெசிபல் குறைந்தால் போதும். அட்டாக்கைக் குறுக்கினால் பிக் தந்தியைத் தொடும் சத்தமே செத்துப்போய் எல்லாச் சுரமும் மொழுக்கென்று வரும். ஃபிங்கர்பிக்கிங்கில் கட்டைவிரல் பேஸ் மட்டும் முன்னே வந்து மெலடி பின்தங்கும்போது கம்ப்ரஸர் கைகொடுக்கும். ஒரு விலையும் உண்டு. கம்ப்ரஸரில் மேக்கப் கெய்ன் (குறைந்த உரப்பை ஈடுகட்டுவது) எவ்வளவு ஏற்றுகிறீர்களோ, அமைதியான நேரத்தில் ஃபீட்பேக் அவ்வளவு அருகில் வந்து நிற்கும்.

கோரஸ், டிலே, ரிவெர்ப்

கோரஸில் ரேட் 0.5 முதல் 1 ஹெர்ட்ஸ், டெப்த் கால்வாசி, மிக்ஸ் கால்வாசி. போட்டிருக்கிறோம் என்று தெரியாமல், அணைத்தால் மட்டும் எதோ குறைகிறதே என்று தோன்றும் அளவு. அதற்கு மேல் போனால் கிட்டார் சுருதி விலகியது போல ஆகும், பாடுபவருக்கும் தொல்லை.

டிலேயின் நேரத்தைப் பாட்டின் வேகத்திலிருந்து கணக்கிடலாம்: 60,000-ஐ நிமிடத்துக்கான பீட்டால் வகுத்தால் கால் சுரத்தின் மில்லிசெகண்ட். 100 பீட் என்றால் 600. அதன் முக்கால் பங்கான 450 தான் ஸ்ட்ரம்முக்கு இடையில் துள்ளிக்கொண்டு வரும் அந்த டாட்டட் எய்த் டிலே. 120 பீட் என்றால் 500-ம் 375-ம். மிக்ஸ் 15 முதல் 20 சதவீதம், மீளல் இரண்டு மூன்று. எதிரொலியின் ட்ரெபிளைக் குறைக்கும் டோன் குமிழ் இருந்தால் குறையுங்கள். பீசோவின் அடி உச்சம் அப்படியே திரும்பத் திரும்ப வந்தால் தாளக்கருவி ஒன்று தவறான இடத்தில் தட்டுவது போலிருக்கும். அந்த வகையில் பழைய அனலாக் டிலேக்கள் டிஜிட்டலைவிட அக்கூஸ்டிக்குக்குத் தோதானவை.

ரிவெர்ப்புக்கு ரூம் அல்லது பிளேட் வகை, டிகே (வால் தேயும் நேரம்) 1.5 முதல் 2.5 செகண்ட், ப்ரீ-டிலே 20 முதல் 40 மில்லிசெகண்ட், மிக்ஸ் 15 முதல் 25 சதவீதம். ப்ரீ-டிலே இருந்தால் அடித்த சுரம் தெளிவாக நின்று, வால் பின்னால் வரும். லோ-கட் இருந்தால் 200 ஹெர்ட்ஸில் வையுங்கள். பேஸுக்கு ரிவெர்ப் தேவையே இல்லை. ஸ்ப்ரிங் வகை அக்கூஸ்டிக்கில் பெரும்பாலும் தகரச் சத்தம் கொடுக்கும். மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவரும் தன் பங்குக்கு ரிவெர்ப் போடுவார் என்பதை மறக்காதீர்கள். சவுண்ட் செக்கில் கேட்டுவிடுங்கள், இரண்டில் ஒன்று போதும்.

ஸ்டீரியோ அவுட் உள்ள பெடலை மோனோவில் விடும்போது, மோனோ என்று குறித்த அவுட்டை மட்டும் எடுங்கள். சில கோரஸ்களில் இரண்டு அவுட்டிலும் எஃபெக்ட் எதிரெதிர் துருவத்தில் இருக்கும். இரண்டையும் மிக்ஸரில் கூட்டினால் எஃபெக்ட் ஒன்றையொன்று அழித்து மாயமாகிவிடும்.

ஓவர்டிரைவும் மற்றவையும்

பீசோ, ஓவர்டிரைவ், பிஏ (அரங்கின் ஒலிபெருக்கி) ஸ்பீக்கர் மூன்றும் சேர்ந்தால் கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் தெறிப்பதுதான். எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே சரிந்துவிடும், அதனால் டிஸ்டார்ஷனின் முட்கள் வெளியே வராது. பிஏவும் அக்கூஸ்டிக் ஆம்ப்பும் ட்வீட்டர் வைத்து எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். செய்ய விரும்பினால் பிளெண்ட் குமிழ் உள்ள பெடலைத் தேர்ந்தெடுங்கள். அதில் கெய்ன் கால்வாசிக்கும் கீழே, டோன் நன்றாக இறக்கி, சுத்தமான சிக்னல் மூன்றில் இரண்டு பங்கு இருக்கட்டும். டிரைவுக்குப் பின் கேப் சிமுலேட்டரோ (கிட்டார் ஆம்ப் ஸ்பீக்கரைப் போல ஒலிக்கவைப்பது) 5 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் ஃபில்டரோ இருந்தால் இன்னும் நல்லது. மேக்னெட்டிக் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பாதிதான்.

ஆக்டேவ் பெடலில் (ஒரு ஸ்தாயி மேலோ கீழோ சேர்ப்பது) பாலிஃபோனிக் என்று எழுதியதை வாங்குங்கள்; ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டும் கையாளும் பழைய வகை, கார்டு பிடித்தால் தடுமாறும். "வா-வா" என்று ஒலியை வளைக்கும் வா (wah) பெடல் இயங்கும், ஆனால் பேஸைக் காலி செய்துவிடும். லூப்பரை ரிவெர்ப்புக்கும் பின்னே வைத்தால், பதிந்த அடுக்கு அதன் எஃபெக்ட்டோடு உறைந்துவிடும். அப்புறம் மேலே வாசிப்பதற்கு எந்தப் பெடலை மாற்றினாலும் அடியில் ஓடுவது மாறாது.

ஃபீட்பேக்

எலக்ட்ரோ-அக்கூஸ்டிக்கின் உடம்பு ஒரு வெற்றுப் பெட்டி. ஸ்பீக்கர் அதை அசைக்கும், பிக்கப் அதைக் கேட்கும், ஸ்பீக்கர் மீண்டும் அசைக்கும். பெரிய உடம்புள்ள கிட்டார்களில் உள்ளிருக்கும் காற்றின் அதிர்வு பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியும், மேல்பலகையின் அதிர்வு 200-ஐ ஒட்டியும் விழும். உங்கள் கிட்டாரில் எங்கே என்று கண்டுபிடிக்க, ஆறாவது தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டிலிருந்து ஆறாம் ஃப்ரெட் வரை ஒவ்வொரு சுரமாக ஒரே பலத்தில் அடியுங்கள். அவை முறையே 98, 104, 110, 117 ஹெர்ட்ஸ். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வீங்கி வரும், விலா எலும்பில் உணர்வீர்கள். நாட்ச் ஃபில்டரை (ஒரு குறுகிய அலைவரிசையை மட்டும் வெட்டுவது) அங்கே வையுங்கள்.

மேடையில் நாட்ச் வைக்கும் முறை: தந்திகளைத் தொடாமல் விட்டுவிட்டு வால்யூமை மெதுவாக ஏற்றுங்கள். ரீங்காரம் தொடங்கியதும் நிறுத்தி, நாட்ச்சின் அலைவரிசைக் குமிழை அது அடங்கும் இடம்வரை திருப்புங்கள். பிறகு வால்யூமைக் கொஞ்சம் இறக்குங்கள். அடங்கவில்லையென்றால் ப்ரீஆம்ப்பின் ஃபேஸ் (phase) சுவிட்சை மாற்றிப் பாருங்கள். அது சிக்னலின் துருவத்தைத் திருப்பும். ஸ்பீக்கர் இருக்கும் தூரத்தைப் பொறுத்து ஒரு நிலையில் அடங்கும், இன்னொரு நிலையில் கூடும். வேறு இடத்தில் நின்றால் மறுபடி சோதிக்க வேண்டும். சவுண்ட்ஹோலை மூடும் ரப்பர் வட்டு இத்தனை மின்னணுவையும்விட மலிவாக வேலையை முடித்துவிடும். அதன்பின் 100 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் கொஞ்சம் மெலியும், அவ்வளவுதான். மானிட்டர் (மேடையில் உங்களுக்கான ஸ்பீக்கர்) கிட்டாரின் வயிற்றைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்க்கட்டும்.

மின்சாரமும் வெளியேறும் வழியும்

பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ். பெடலின் முதுகில் இருக்கும் வட்டக்குறியைப் பார்க்காமல் எந்த அடாப்டரையும் சொருகாதீர்கள். தேவையான மில்லி ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள். அனலாக் பெடல்கள் பலவும் 10 முதல் 50 மில்லி ஆம்பியரில் அடங்கிவிடும், டிஜிட்டல் ரிவெர்ப் ஒன்றே 100 முதல் 300 கேட்கும். அடாப்டரில் ஆம்பியர் கூடுதலாக இருப்பதால் கெடுதியில்லை. வோல்ட் கூடினால் கெடுதி. ஒரே அடாப்டரிலிருந்து கொத்தாகப் பிரித்து எடுக்கும்போது டிஜிட்டல் பெடல் ஒன்றின் கீச்சொலி எல்லாவற்றிலும் கலக்கும். ஒவ்வொரு முனையும் தனிப்பட்ட ஐசொலேட்டட் சப்ளையில் அது வராது.

எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்பில் வாசித்தால் மேல் அலைவரிசைகள் போய் மந்தமாகக் கேட்கும். அக்கூஸ்டிக் ஆம்ப், பவர்டு ஸ்பீக்கர், பிஏ இவற்றில் ஒன்று வேண்டும். மிக்ஸர் தூரத்தில் இருந்தால் கடைசிப் பெடலுக்குப் பின் டிஐ வைத்து எக்ஸ்எல்ஆரில் அனுப்புங்கள். ப்ரீஆம்ப் அல்லது பஃபர் (சிக்னல் தேயாமல் காக்கும் சுற்று) தாண்டி வந்த சிக்னலுக்கு பேசிவ் டிஐயே போதும். ஆக்டிவ் டிஐ என்றால் மிக்ஸரில் 48 வோல்ட் ஃபேன்டம் பவரை (எக்ஸ்எல்ஆர் கேபிள் வழியே மிக்ஸர் தரும் மின்சாரம்) போடச் சொல்லுங்கள்; போடும்போதும் அணைக்கும்போதும் சேனல் மியூட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் "டப்" என்று ஒரு சத்தம் கூட்டத்தையே திரும்பிப் பார்க்கவைக்கும்.

சத்தம் சொல்லும் நோய்

தாழ்ந்த ரீங்காரம், ஆம்ப்பையும் மிக்ஸரையும் சேர்த்து இணைத்தபோது மட்டும்: கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இணைப்பு இரண்டு வழியில் சுற்றிக்கொள்வது. டிஐயில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை அழுத்துங்கள். சுவர்ச் செருகியின் எர்த் முனையை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

மெதுவாக வாசித்தால் சரி, பலமாக அடித்தால் மட்டும் கரகரப்பு: கிட்டாரின் பேட்டரி. 9 வோல்ட் பேட்டரியை மீட்டரில் அளந்து 7.5-க்குக் கீழே இருந்தால் தூக்கிப் போடுங்கள். புதிய பேட்டரியிலும் கரகரப்பு இருந்தால் முதல் பெடலின் இன்புட் தாங்கவில்லை, கிட்டார் வால்யூமை இறக்குங்கள்.

ஒரு தந்தி மட்டும் மெலிந்து கேட்கிறது: பெடலில் தேடாதீர்கள். சாடில் பள்ளத்தில் சரியாகப் பதியவில்லை, அல்லது அதன் அடிப்பக்கம் சமமாக இல்லை. தந்திகளைத் தளர்த்தி, சாடிலை எடுத்து, பள்ளத்தில் மரத்தூள் இருந்தால் துடைத்து, மீண்டும் அழுத்தி வையுங்கள். தந்தி மாற்றிய மறுநாள் இந்தப் புகார் அடிக்கடி வரும்.

சத்தமே இல்லை: சங்கிலியை முழுக்கக் கழற்றி, கிட்டாரை நேராக டிஐயில் சொருகுங்கள். வந்தால் பெடல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். பத்தில் எட்டு முறை குற்றவாளி பெடலுக்கும் பெடலுக்கும் இடையே இருக்கும் அந்தச் சின்ன பேட்ச் கேபிள்தான். வார்ப்பு பிளக் உள்ளவற்றைப் பழுதுபார்க்க முடியாது, பையில் இரண்டு உபரி வைத்திருங்கள். மீதி இரண்டில் ஒன்று, ட்யூனரின் மியூட் அழுத்தியே கிடப்பது.